சர்க்கரைக் குறிப்பேடும் நாம் வகுக்கும் இலக்கும்

நீரிழிவுப் புறநோயாளிகள் பிரிவில் ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் நான் கேட்கும் சொற்றொடர் ஒன்று உண்டு. "அடுத்த மாசத்துல இருந்து ஒழுங்கா இருந்துடுறேன், டாக்டர்." சொல்பவர் மனமாரத்தான் சொல்கிறார். அடுத்த முறை வரும்போதும் அதையே சொல்கிறார். இடைப்பட்ட மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், "எனக்குக் கட்டுப்பாடு இல்லை", "சோம்பல்தான் காரணம்" என்று தம்மைத் தாமே பழித்துக்கொள்கிறார். அந்த விடையால் அவருக்கும் பயனில்லை. மருத்துவராகிய எனக்கும் பயனில்லை. எந்த நாளில், எந்த வேளையில், எதனால் திட்டம் பிசகியது என்பது அதில் இல்லை.

தம் நாள்களைத் தாமே திரும்பிப் பார்த்து, அதிலிருந்து இலக்கு வகுப்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள். உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, உடற்பருமன் ஆகியவற்றுக்கும் இம்முறை பொருந்தும். எனினும் நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் நீரிழிவையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

ஒரே மையில் எழுதிய பக்கங்கள்

இம்முறையை எனக்குக் கற்பித்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். அவருடைய இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு இதை எழுதுகிறேன். வயது 56, நீரிழிவு வந்து 11 ஆண்டுகள். ஒவ்வொரு முறையும் சிறிய குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவருவார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, 118, 109, 115 என்று வரிசையாக எழுதியிருப்பார். ஒருமுறை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை அடுத்த தடவை செய்துகொள்வதாகக் கேட்டார். குறிப்பேடு அழகாக இருந்ததால் நானும் ஒப்புக்கொண்டேன். மருந்தை மாற்றாமல் அனுப்பினேன்.

நான்கு மாதம் கழித்து உள்ளங்காலில் புண்ணுடன் வந்தார். புதுச் செருப்பு உராய்ந்து கொப்புளம் எழுந்து உடைந்திருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டதால் அவருக்குத் தெரியவில்லை. வீட்டுத் தரையில் ஈரத் தடம் கண்டு அவருடைய மனைவிதான் கவனித்தார். அன்று எடுத்த ஹெச்பிஏ1சி 9.6 சதவீதம். சராசரிச் சர்க்கரை 230 அளவில் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். குறிப்பேட்டிலோ 120ஐத் தாண்டிய எண்ணே இல்லை.

குறிப்பேட்டை மீண்டும் வாங்கிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்குரிய எண்கள் யாவும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஓர் அடித்தலும் இல்லாமல் இருந்தன. கடைக்காரரின் கையேட்டில் ஓர் எண்ணெய்க் கறைகூட இல்லை. காரணம் கேட்டேன். அவர் தலை குனிந்திருந்தார். அவருடைய மனைவி சொன்னார்: "போன வருஷம் 260-னு எழுதிக்கிட்டு வந்தாரு. அன்னைக்கு நீங்க சத்தம் போட்டீங்க, டாக்டர். அதுல இருந்து இங்க வர்றதுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதுறாரு."

நான் சத்தம் போட்டது எனக்கு நினைவில்லை. அவருக்கு நினைவிருந்தது.

புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. நல்வேளையாக எலும்புக்குள் தொற்று பரவவில்லை. ஆனால் உண்மையான எண்கள் நான்கு மாதங்களுக்கு முன்னரே என் கைக்கு வந்திருந்தால் மருந்தை அன்றே மாற்றியிருப்பேன். பாதங்களை அன்றே சோதித்திருப்பேன். அவர் பொய் எழுதியதற்கு என் கோபமும் ஒரு காரணம். பரிசோதனையைத் தள்ளிப்போட்டது முழுவதும் என் பிழை.

அவர் ஒருவர் மட்டும் அப்படிச் செய்தவர் அல்லர். 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அளவுகளைத் தாமே பதிந்துவைத்துக்கொள்ளும் கருவிகளை, அந்த வசதி இருப்பதைச் சொல்லாமல் நோயாளிகளிடம் கொடுத்தார்கள். நோயாளிகள் எழுதிவந்த குறிப்பும் கருவியில் பதிந்திருந்த குறிப்பும் பலரிடம் ஒத்துப்போகவில்லை. நல்லவராகத் தோன்ற வேண்டும் என்ற ஆசை எல்லா நாட்டவர்க்கும் பொதுவானது. பிறர் பார்வைக்காக எழுதிய குறிப்பு நம் பார்வைக்குப் பயன்படாமற் போகிறது என்பதுதான் அதிலுள்ள இழப்பு.

எண் என்பது தீர்ப்பு அன்று

திரும்பிப் பார்ப்பதற்கு முதலில் அச்சம் விலக வேண்டும். அச்சம் விலக, எண்கள் எதைச் சொல்கின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும்.

நீரிழிவுள்ள பெரியவர்கள் பலருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரையும், உணவு தொடங்கி ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் கழித்து 180க்குக் கீழும், ஹெச்பிஏ1சி 7 சதவீதத்துக்குக் கீழும் இருப்பது பொதுவான இலக்கு. எனினும் இது எல்லோர்க்கும் ஒன்றன்று. முதியவர்கள், இதயநோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், அடிக்கடி தாழ்சர்க்கரை ஏற்படுபவர்கள் ஆகியோருக்கு இலக்கைத் தளர்த்தியே வைப்போம். கருவுற்ற தாய்மார்களுக்கு அது மேலும் இறுக்கமானது. உங்களுக்கு உரிய எண் எது என்று கேட்டு, அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மருத்துவரையே எழுதித்தரச் சொல்லுங்கள்.

ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுகிறது. 7 சதவீதம் என்றால் சராசரி 154. 8 என்றால் 183. 9 என்றால் 212. இரத்தசோகை போன்ற சில நிலைகளில் இது சற்றுப் பிறழ்ந்து காட்டக்கூடும். சராசரி எவ்வளவு என்பதை இப்பரிசோதனை சொல்லும். எந்த நேரத்தில் ஏறியது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது வீட்டில் விரல்நுனியில் எடுக்கும் அளவு. எனவே இரண்டும் வேண்டும்.

காலையில் 221 என்று காட்டினால், அது நேற்றைய இரவைப் பற்றிய செய்தி. இரவு உணவின் நேரம், அளவு, மாத்திரை, உறக்கம், காய்ச்சல், கவலை ஆகியவற்றுள் ஏதோ ஒன்று, அல்லது பல, அதற்குப் பின்னால் இருக்கின்றன. "நான் ஏன் இப்படி இருக்கிறேன்?" என்று கேட்டால் மனம் சோர்வதைத் தவிர வேறு பயன் இல்லை. "நேற்று இரவு என்ன நடந்தது?" என்று கேட்டால் விடை கிடைக்கும், அந்த விடையில் மாற்றக்கூடியது ஏதேனும் இருக்கும். இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இப்பாடத்தின் மையம்.

இரவில் ஐந்து நிமிடம்

உறங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கருவியில் கண்ட எண்ணை, கண்டபடியே எழுதுங்கள். பிறகு நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் விடை எழுதுங்கள்.

1. இன்று எந்த நேரத்தில், எங்கே இருந்து, எதை உண்டேன்?

2. உணவு, மருந்து, நடை, உறக்கம் ஆகியவற்றுள் எது திட்டத்திலிருந்து மாறியது?

3. அது மாறுவதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது? பசியா, களைப்பா, சண்டையா, விருந்தினரா?

4. இன்று சிரமமின்றி நடந்தது எது?

நான்காவது கேள்வியைப் பெரும்பாலோர் விட்டுவிடுகின்றனர். தவறியதை மட்டும் எழுதுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் எளிதாக நடந்ததிலும் ஒரு வழி மறைந்திருக்கும். அலுவலகத்தில் பணிபுரியும் ஓர் அம்மையார், நண்பகல் மாத்திரை தமக்கு அடிக்கடி மறந்துபோவதாகச் சொல்லிவந்தார். இரண்டு வாரம் எழுதிப் பார்த்தபோது, பணி நாள்களில் ஒருமுறைகூட மறக்கவில்லை என்று தெரிந்தது. சாப்பாட்டுப் பையிலேயே மாத்திரையும் இருந்தது. டப்பாவைத் திறக்கும்போது கண்ணில் பட்டது. தவறிய நாள்கள் யாவும் ஞாயிறும் விடுமுறையும். அவருக்கு மறதி நோய் இல்லை. வீட்டில் மாத்திரை பீரோவுக்குள் இருந்தது, அவ்வளவே. ஓர் அட்டையைத் தட்டுகள் அடுக்கும் இடத்துக்கு அருகில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். சிக்கல் தீர்ந்தது.

எழுத இயலாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் செய்யலாம்; கைபேசியில் குரலாகவும் பதியலாம். ஏட்டின் அழகு முக்கியமன்று. அன்றன்று எழுதுவதே முக்கியம். ஒரு வாரத்தை ஒரே நாளில் நினைவிலிருந்து எழுதினால், நடந்ததற்குப் பதிலாக நடந்திருக்க வேண்டியதே பக்கத்தில் ஏறும்.

குறிப்பெழுதுவதன் பயனுக்குச் சான்று உண்டு. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், எடை குறைக்க முயன்ற ஏறத்தாழ 1,700 பேர் பங்கேற்றனர். நாள்தோறும் உணவுக் குறிப்பு எழுதியவர்கள், எழுதாதவர்களைவிட ஏறத்தாழ இருமடங்கு எடை குறைந்தனர். ஊக்கம் மிகுந்தவர்களே தொடர்ந்து எழுதியிருக்கவும் கூடும். ஆகவே முழுப் பெருமையையும் பேனாவுக்கே கொடுத்துவிட முடியாது. எனினும் செலவில்லாத இந்த உதவியை விட்டுவிடுவதற்கும் காரணம் இல்லை.

வாரம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டுதல்

ஒரு நாளின் குறிப்பு ஒரு செய்தியைத் தரும். ஏழு நாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் ஒழுங்கு ஒன்று புலப்படும். மளிகைக் கடைக்காரர் உண்மையாக எழுதிய முதல் இரண்டு வாரங்களை நாங்கள் மூவரும் அமர்ந்து பார்த்தோம்.

காலை அளவுகள் பெரும்பாலும் 190க்கும் 230க்கும் இடையில். ஆனால் இரண்டு திங்கட்கிழமைகளில் மட்டும் 148, 155. அவருக்கே வியப்பாக இருந்தது. ஞாயிறு மாலை கடை விடுமுறை என்பதை அவருடைய மனைவி நினைவூட்டினார். அன்று இரவு எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் சாப்பிட்டுவிடுகிறார்.

மற்ற நாள்களின் வரிகள் இவ்வாறு இருந்தன: அதிகாலை 5 மணிக்குப் பால் வண்டி. மதியச் சோறு 3.30க்கு. மாலை 7 மணிக்குக் கடும் பசி. கைக்கு எட்டிய கண்ணாடிப் புட்டியிலிருந்து மிக்சர், முறுக்கு. கடை அடைப்பது 10 மணிக்கு. இரவுச் சோறு 10.45க்கு, வயிறு நிறைய. படுக்கை 11.15க்கு.

மூன்று ஆண்டுகளாக அவருடைய மருந்துச் சீட்டின் அடியில் நான் எழுதிவந்தது: "காலையில் 45 நிமிடம் நடக்கவும்." 5 மணிக்குப் பால் வண்டியை எதிர்கொள்ளும் மனிதருக்கு அந்த அறிவுரை எக்காலத்தும் பயன்பட்டிருக்காது. அவர் ஒருமுறையும் மறுத்துச் சொல்லவில்லை. "சரிங்க டாக்டர்" என்றே சொல்லிவந்தார். செய்ய முடியாததைச் செய்வதாகச் சொல்லிச் சொல்லி, தமக்குக் கட்டுப்பாடே இல்லை என்று முடிவுகட்டியிருந்தார். அவருடைய நாளைப் பார்க்காமல் வகுத்த இலக்கு அது. அது நிறைவேறாததற்கு அவர் பொறுப்பல்லர்.

இலக்கை எழுதும் முறை

ஒழுங்கு தெரிந்தபின் இலக்கு வகுப்பது எளிது. நான்கு விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

முதலாவது: செயலை இலக்காகக் கொள்ளுங்கள். "சர்க்கரையை 130க்குக் குறைப்பேன்" என்பது விளைவு. அது முழுவதும் நம் கையில் இல்லை. "இரவு உணவை 8.30க்கு முடிப்பேன்" என்பது செயல், அது நம் கையில் உள்ளது. விளைவை மருத்துவரும் பரிசோதனையும் கவனித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது: எப்போது, எங்கே, எப்படி என்பதைச் சேர்த்து எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் பெயர்பெற்றது. இன்ன சூழல் வந்தால் இன்னது செய்வேன் என்று முன்னரே முடிவு செய்துகொள்பவர்கள், வெறும் விருப்பத்தை மட்டும் மனத்தில் கொண்டவர்களைவிடச் செயலை நிறைவேற்றுகின்றனர் என்பதற்கு அதில் பல சான்றுகளைத் தொகுத்தார். "நடப்பேன்" என்பதைவிட, "இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவியதும் தெருமுனைக் கோயில் வரை நடந்து திரும்புவேன்" என்பது வலுவான இலக்கு. கை கழுவுவது நாள்தோறும் நடப்பது, அதுவே நினைவூட்டியாகிவிடுகிறது.

மூன்றாவது: ஒரே நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. உணவு, நடை, உறக்கம், புகை என எல்லாவற்றையும் ஒரே தேதியில் மாற்றத் தொடங்குபவர், ஒன்று பிசகியதும் எல்லாவற்றையும் கைவிடுகிறார்.

நான்காவது: இடையூறையும் முன்கூட்டியே எழுதுங்கள். மழை வந்தால்? விருந்தினர் வந்தால்? கடையில் கூட்டம் இருந்தால்? அப்போது என்ன செய்வேன் என்பதும் இலக்கின் பகுதியே.

கடைக்காரர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்ட இலக்குகள் இரண்டு. "சாயங்காலம் கடையில் விளக்குப் போட்டதும், வீட்டிலிருந்து கொண்டுவந்த சிறு டப்பாச் சுண்டலைச் சாப்பிடுவேன், மிக்சர்ப் புட்டி எதிர்ப் பலகைக்குப் போகும்." "8.30க்கு மகன் கல்லாவில் இருப்பான். பின்கட்டில் இரவுச் சாப்பாடு. மகன் வராத நாளில் இரண்டு சப்பாத்தியைக் கையில் வைத்துக்கொண்டே முடிப்பேன்." நடையை அப்போது சேர்க்கவில்லை, புண் ஆறும்வரை அந்தக் காலுக்கு ஓய்வு தேவைப்பட்டது. ஆறியபின், உரிய காலணியுடன், கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து செல்வதை மூன்றாவதாகச் சேர்த்தோம்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி 8.1. உண்மையான எண்களைக் கண்டபின் மருந்தையும் மாற்றினேன். எனவே எதனால் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாது. 7ஐ எட்டவில்லையே என்று அவர் வருந்தினார். பிரிட்டனில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வின் முடிவு ஒன்றை அவருக்குச் சொன்னேன். 2000இல் வெளியான அம்முடிவின்படி, ஹெச்பிஏ1சி ஒவ்வொரு 1 சதவீதப் புள்ளி குறைவாக இருக்கும்போதும், கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. 9.6இலிருந்து 8.1 என்பது ஒன்றரைப் புள்ளி. இலக்கு இன்னும் தொலைவில் இருந்தாலும், கடந்த வழி வீண் அன்று.

தவறும் நாள்

தீபாவளி வரும், கல்யாணப் பந்தி வரும், வீட்டில் ஒருவர் நோயுறுவார், ஒன்றுமே இல்லாமலும் ஒரு நாள் தவறும். அந்நாளில் "எல்லாம் போயிற்று, இனி அடுத்த மாதம்தான்" என்று நினைப்பதே பெரிய ஆபத்து. ஒரு வேளை தவறியது ஒரு மாதம் தவறுவதாக நீள்வது இவ்வெண்ணத்தால்தான்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நமக்கு ஆறுதல் தருகிறது. 96 பேர் உணவு, பருகல், உடலசைவு தொடர்பான ஒரு புதுச் செயலை 12 வாரம் நாள்தோறும் செய்துவந்தனர். அச்செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறுவதற்கு நடுத்தரமாக 66 நாள்கள் தேவைப்பட்டன. ஆனால் ஆளுக்கு ஆள் பெரிய வேறுபாடு: 18 நாள் முதல் 254 நாள் வரை என்று கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. ஆகவே 21 நாளில் பழக்கம் வரவில்லை என்று மனந்தளர வேண்டாம். ஒரு நாள் தவறியதற்காக முதலிலிருந்து எண்ணவும் வேண்டாம்.

தவறிய நாளிலும் எண்ணை எழுதுங்கள். அடுத்த வேளை உணவிலேயே திட்டத்துக்குத் திரும்புங்கள். தவறியதற்குப் பரிகாரமாகப் பட்டினி கிடப்பது கூடாது; மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்ப்பது ஆபத்தானது. ஒரே இலக்கு ஒரே வாரத்தில் மூன்று முறை தவறினால், அது உங்கள் நாளுக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளுங்கள். நேரத்தை மாற்றுங்கள், அல்லது அளவைச் சுருக்குங்கள். உங்களை நீங்களே திட்டிக்கொள்வதால் பொருந்தாத இலக்கு பொருந்திவிடாது.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்

குறிப்பேடு எழுதுபவர்க்கு உரியது. அதைப் பறித்துப் பார்ப்பதும், "இதற்குத்தான் நான் அப்போதே சொன்னேன்" என்பதும் மறுநாளே பொய் எண்களை வரவழைக்கும். மருத்துவராகிய நான் செய்த பிழையை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். எண் உயர்ந்திருந்தால் "ராத்திரி தூக்கம் வந்ததா?", "நேத்து நேரத்துக்குச் சாப்பிட முடிஞ்சுதா?" என்று கேளுங்கள். விசாரணையாகக் கேட்காமல் துணையாகக் கேளுங்கள்.

உதவி பெரும்பாலும் சொல்லில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. கல்லாவில் 15 நிமிடம் அமர்ந்த மகனும், சுண்டல் டப்பாவைக் கட்டிக்கொடுத்த மனைவியும் செய்தது எந்த அறிவுரையைவிடவும் பெரிது. ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்று ஒதுக்காமல், வீடு முழுவதும் ஒரே உணவை உண்ணுங்கள்.

இது உங்கள் நலனுக்கும் உரியது. பெற்றோருக்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு 2002இல் வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைத்தல், வாரம் 150 நிமிட உடலசைவு என்ற இரண்டே இலக்குகளைக் கொண்ட வாழ்க்கைமுறைப் பயிற்சி, நீரிழிவு வருவதை 58 சதவீதம் குறைத்தது. சென்னை ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட இந்திய ஆய்விலும் வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைவு காணப்பட்டது. 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரைக் கிலோ சொச்சம்தான்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

உணவு நேரத்தை மாற்றினாலோ நடையைக் கூட்டினாலோ மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். இன்சுலின் போடுபவர்களும், தாழ்சர்க்கரையை உண்டாக்கக்கூடிய மாத்திரை உண்பவர்களும் எம்மிடம் கேட்டபின்னரே மாற்றத்தைத் தொடங்க வேண்டும். மருந்தைத் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, தடுமாற்றம் தோன்றினால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறவில்லையெனில் மறுபடியும் பருகுங்கள். கருவி அருகில் இல்லையென்றால் அதைத் தேடிக் காலம் தாழ்த்தாமல் முதலில் சர்க்கரையைப் பருகுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

சர்க்கரை தொடர்ந்து 300க்கு மேல் இருந்தாலோ, அத்துடன் வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கநிலை இருந்தாலோ காத்திருக்க வேண்டாம். காலில் எவ்வளவு சிறிய புண் ஆயினும் அன்றே காட்டுங்கள். இரவுக் குறிப்பில் அதற்கும் ஒரு வரி கொடுங்கள்: "இன்று இரு பாதங்களையும் பார்த்தேன்." குனிய இயலாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

திரும்பிப் பார்க்கும்போது மனம் தன்னைக் குற்றம் சாட்டுவதிலேயே சுழன்றால், இரண்டு வாரங்களாக எதிலும் விருப்பமின்றி இருந்தால், அதையும் எம்மிடம் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு அரிதன்று. அதற்கும் சிகிச்சை உண்டு.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள். எண்களையும் நான்கு கேள்விகளுக்கான விடைகளையும் உள்ளபடி எழுதுங்கள். மருத்துவர் குறித்துத் தந்த நேரங்களில் அளவு பாருங்கள். அவ்வாறு குறித்துத் தராவிட்டால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரம்: எழுதுவதைத் தொடருங்கள். வார இறுதியில், நல்ல எண் வந்த நாள்களுக்கும் உயர்ந்த எண் வந்த நாள்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை வீட்டார் ஒருவருடன் அமர்ந்து தேடுங்கள்.

மூன்றாம் வாரம்: ஒரே இலக்கை, எப்போது, எங்கே, எப்படி, இடையூறு வந்தால் என்ன என்பவற்றுடன் எழுதித் தொடங்குங்கள்.

நான்காம் வாரம்: அந்த இலக்கைத் தொடர்வதா, சுருக்குவதா, மாற்றுவதா என்று முடிவு செய்யுங்கள். பிறகு குறிப்பேட்டுடன் எம்மிடம் வாருங்கள்.

மளிகைக் கடைக்காரர் சென்ற மாதம் வந்திருந்தார். ஹெச்பிஏ1சி 7.4. குறிப்பேட்டில் மூன்று நிற மை இருந்தது. ஒரு பக்கத்தில் மஞ்சள் கறை. இன்னொரு பக்கத்தில் பால் கணக்கு. ஓரிடத்தில் "மச்சினன் வீட்டுக் கல்யாணம் – 246" என்று பெரிதாக எழுதியிருந்தார். அதைக் காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்று கேட்டேன். பாயசத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்த பந்திக்கு என்ன செய்வது என்று இருவரும் பேசி, அதையும் அப்பக்கத்திலேயே எழுதிக்கொண்டோம்.

நீங்களும் உங்கள் குறிப்பேட்டை அடித்தல் திருத்தங்களுடனும் கறைகளுடனும் உள்ளபடியே கொண்டுவாருங்கள். எந்த எண்ணைக் கண்டும் நான் சத்தம் போடமாட்டேன்.